மன்னிப்புக் கேட்டால் போதுமா?

மனைவியைத் தாக்கிய கணவனைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துக் கண்டிப்பதும், பின்னர் இருவரையும் சமாதானப்படுத்தி ஒரே வீட்டுக்கு அனுப்பிவைப்பதும் எமது நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். கோயில் பெரியவர்களும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் பெரும்பாலும் இதனையே செய்கின்றனர். அதன் பின்னர் அந்த வீட்டில் என்ன நடக்கின்றது என்று விசாரிப்பார் எவருமில்லை.

கணவன் அல்லது துணைவனின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஐந்தில் ஒரு பெண் வாழ்நாளில் உள்ளாகியிருப்பதாகத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வு கூறுகின்றது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்புக் கட்டளைக்கு மட்டுமன்றி உளவளத்துணைக்கும் வழிசெய்துள்ளது. ஆனால், எத்தகைய உளவளத்துணை என்பதே கேள்வியாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980களின் தொடக்கத்தில் உருவான திட்டம் இவ்விடயத்தில் உலகெங்கும் முன்னுதாரணமாகக் கொள்ளப்படுகின்றது. நீதிமன்றம் அனுப்பும் ஆண்கள் வாரந்தோறும் குழுவாகக் கூடுகின்றனர். கோபத்தை அடக்கப் பழக்குவது அதன் நோக்கமன்று. மேலதிகாரி மீது எத்தனை கோபம் வந்தாலும் கையோங்காதவன், வீட்டில் மட்டும் கையோங்குவது ஏன்? மனைவி தனக்குக் கட்டுப்பட்டவள் என்ற எண்ணமே காரணம் என்பதை அவனே உணரச்செய்வதுதான் நோக்கமாகும். "குடிவெறியில் நடந்துவிட்டது" என்று ஒருவன் சாக்குச் சொல்லும்போது, அதே சாக்கைத் தானும் சொன்னவன் எதிரில் அமர்ந்திருக்கின்றான். குழுவின் பலம் இதுவேயாகும்.

எனினும் இதனை மாமருந்தாகக் கொள்வதற்கில்லை. 22 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியான மதிப்பீடு, இத்தகைய திட்டங்களின் பயன் சிறிதளவே என்று கண்டது. பிரித்தானியாவில் 2015இல் வெளியான ஆய்வொன்றில், அடி உதை பெருமளவு குறைந்ததாகப் பெண்கள் கூறினர். ஆயினும் அவர்களைக் கட்டுப்படுத்தும் போக்கு அந்தளவுக்கு மாறவில்லை.

ஆகவே, இங்கு இத்தகைய குழுக்கள் அமைக்கப்படுமாயின் சில நிபந்தனைகள் அவசியமாகும். வரத் தவறுபவன் குறித்து நீதிமன்றத்துக்கு உடனே அறிவிக்கப்பட வேண்டும். மாற்றம் ஏற்பட்டதா என்பதைப் பெண்ணிடம் தனியே, அச்சமின்றிப் பேசக்கூடிய சூழலில் கேட்டறிய வேண்டும். கணவனையும் மனைவியையும் ஒன்றாக இருத்திச் சமரசம் பேசுவது இதற்கு ஈடாகாது. அடித்தவன் முன்னால் அடிபட்டவள் உண்மை பேசமாட்டாள். பெண்களின் புகலிடங்களுக்குரிய நிதி இதற்காகக் குறைக்கப்படவும் கூடாது.

குடும்பம் பிரியக்கூடாது என்ற அக்கறையை நாம் மதிக்கின்றோம். ஆனால் அந்தப் பாரத்தை அடிபட்டவளின் பொறுமை மீதே சுமத்தி வந்துள்ளோம். இனியாவது அதனை அடித்தவனின் மாற்றத்தின் மீது வைப்பதே நியாயமாகும்.