தி.நகருக்கு மூன்று நாள், இசைக்கு ஒரு நாள்

டிசம்பரில் சென்னைக்குப் போகும் நம்மவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். தி.நகரில் புடவையும் நகையும், மெரினாவில் ஒரு மாலை, இரண்டு கோயில், கடைசி நாளில் பெட்டியின் எடையைப் பற்றிய கவலை. அதே நாட்களில் அந்த நகரமே பாடிக்கொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

டிசம்பர் நடுவில் களைகட்டும் இசை விழா ஜனவரித் தொடக்கம் வரை நீள்கிறது. காலை முதல் இரவு வரை நகரெங்கும் சபாக்களில் கச்சேரிகள். 2017இல் யுனெஸ்கோ தனது படைப்பாக்க நகரங்களின் வரிசையில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது.

“நமக்கு ராகம், தாளம் ஒன்றும் தெரியாதே” என்று தயங்குகிறவர்கள் உண்டு. என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். தோட்டத்துக் கோயில் நாதஸ்வரமும் வானொலியில் வந்த சினிமாப் பாட்டும்தான் அவர் அறிந்த இசை. சபா என்பது வேறு யாருக்கோ உரியது என்ற எண்ணம் அவருக்கு. வற்புறுத்தி அழைத்துப் போனேன். பாடகி ஒரு ராகத்தை எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘கவிக்குயில்’ படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாட்டை மெல்ல முணுமுணுத்தார். பக்கத்து இருக்கைப் பெரியவர், “அதேதான், ரீதிகௌளை!” என்று சிரித்தார். அதற்குப் பிறகு அப்பாவை எழுப்பிக்கொண்டு வருவதுதான் சிரமமாக இருந்தது.

ஒரு நாளை ஒதுக்கினால் இப்படிச் செய்யலாம். மார்கழி பிறந்துவிட்டால், விடியலில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளுக்குப் போங்கள். பாபநாசம் சிவன் பஜனை பாடி வலம்வந்த வீதிகள் அவை. வாசலெங்கும் கோலம் இருக்கும்.

பகல் கச்சேரிகளைத் தவறவிடாதீர்கள். பல சபாக்களில் அவற்றுக்குக் கட்டணம் கிடையாது. பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். வீணை, வயலின் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவசியம் அழைத்துச் செல்லுங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம், பார்க்கட்டும்.

மாலைக் கச்சேரிக்கு 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி போன்ற பெரிய சபாக்கள் உண்டு. பிரபலமானவர்கள் பாடும் நாளென்றால் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். தமிழ்ப் பாடல்களையே கேட்க விரும்புகிறவர்களுக்குப் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கிறது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943இல் நிறுவிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கேதான் நடக்கும்.

பசியாறச் சபா கேண்டீன் போதும். கீரை வடை, ரவா தோசை, ஃபில்டர் காபி. இதற்கென்றே வருகிறவர்களும் இருக்கிறார்கள்! ஒன்று மட்டும்: மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிலர் கேண்டீனுக்கு எழுவார்கள். நீங்கள் எழாதீர்கள். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

அரங்கின் குளிருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் நடுவே நுழையாமல், முடியும்வரை வாசலில் காத்திருங்கள்.

புடவையைக் கிள்ளானிலும் வாங்கலாம். மார்கழிக் கச்சேரியை நேரில் கேட்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும். அம்மா அப்பாவுக்கு நடக்கத் தெம்பு இருக்கும்போதே அழைத்துப் போய்விடுங்கள்.