முதியோர் படலையைத் தட்டுவார் யார்?

2020 மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. உயிர்காக்கவே என்றனர், நாம் மறுக்கவில்லை. ஆனால், கப்பல்துறையில் வயலுக்கு நடந்து பழகிய முதிய கால்கள் திண்ணையில் முடங்கினால் என்னாகும்? தசை தேயும்; பசி குன்றும்; நலிந்த உடலைக் கிருமி எளிதில் வீழ்த்தும். இலங்கையில் கோவிட் நோயால் மாண்டோருள் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்களே!

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டிலே இருக்கிறது. கருவுற்ற தாயைத் தேடி மருத்துவமாது படலைக்கு வருகிறார். தளர்ந்த கிழவரைத் தேடி வருவார் யார்? நடை, எடை, கைப்பிடி வலு ஆகியவற்றை அளந்தறியக் கோடிகள் வேண்டுமோ? அடுத்த கொள்ளைநோய் வருமுன் கிராமந்தோறும் நலிந்தோர் பட்டியல் எழுதப்படல் வேண்டும். சலுகையாக அன்று, உரிமையாகவே கேட்கிறோம்!