காலி டின்னின் மகிமை

மண்ணெண்ணெய் வியாபாரத்தில் டின்னும் ஒரு சரக்குதான் என்பது லண்டன் வியாபாரி மார்கஸ் சாமுவேலுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கீழை நாடுகளில் நீல டின்களில் அடைத்து விற்றுவந்தது. ரஷ்ய எண்ணெயைக் கப்பலின் வயிற்றிலேயே நிரப்பினால் டின் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டார் சாமுவேல். 1892இல் அவரது 'மியூரெக்ஸ்' சூயஸ் கால்வாயைக் கடந்தது. அப்படிக் கடந்த முதல் எண்ணெய்க் கப்பல் அது.

ஜனங்கள் பாத்திரத்தோடு வந்து வாங்குவார்கள் என்று நம்பினார். வரவில்லை. காலி டின்னில் தண்ணீர் சுமக்கலாம், அரிசி கொட்டலாம், வெட்டி விரித்தால் கூரை. அதை யார் விடுவார்கள்? (நம்மூர்ப் பாட்டிகளைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்.) அவசரமாகத் தகரம் அனுப்பி, அங்கேயே சிவப்பு டின்கள் செய்யச் சொன்னார். பளபளக்கும் சிவப்புக்கு முன்னால், கடல் பயணத்தில் அடிபட்டு வந்த நீலம் எடுபடவில்லை.

அவர் 1897இல் தொடங்கிய ஷெல், இந்தியாவில் 1928இல் பர்மா ஆயிலுடன் சேர்ந்து பர்மா ஷெல் ஆனது. 1976இல் அரசு அதைக் கையகப்படுத்தியது. பெயர் பிறகு பாரத் பெட்ரோலியம். 2006இல் கொச்சி சுத்திகரிப்பு ஆலையும் அதனுடன் இணைந்தது. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்கும் கரூருக்கும் பெட்ரோலும் டீசலும் குழாயிலேயே வருகின்றன. டின் கிடையாது.