யாருடைய ஒற்றுமை? அதிமுக சண்டையும் நம் கணக்கும்

“தோழர், அதிமுக மறுபடி ஒன்று சேர்ந்தால் நமக்கு நல்லதா? இல்லை, உடைந்து கிடப்பதுதான் நல்லதா?” இந்த இரண்டு மாதங்களில் மாணவர் சந்திப்புகளில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். டீக்கடையிலும் இதே பேச்சு, வாட்ஸ்அப் குழுவிலும் இதே பேச்சு. சேர்ந்தால் திமுகவை வீழ்த்தலாம் என்கிறார் ஒருவர். சேராவிட்டால் அந்த இடத்தில் பாஜக உட்கார்ந்துவிடும் என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் யாரோடு யார் சேர வேண்டும், அந்தப் பட்டியலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று இரண்டு பேருமே கேட்பதில்லை.

நடந்ததை ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிடுவோம். 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா இறந்தார். அன்று இரவே ஓ. பன்னீர்செல்வம் முதல்வர். அந்த மாத இறுதியில் சசிகலா பொதுச்செயலாளர். 2017 பிப்ரவரி 7 அன்று மெரினாவில் பன்னீர்செல்வத்தின் தர்மயுத்தம். ஒரு வாரத்தில் சசிகலாவுக்கு உச்ச நீதிமன்றத்தின் தண்டனை. பிப்ரவரி 16 அன்று எடப்பாடி பழனிசாமி முதல்வர். ஆகஸ்ட் 21 அன்று இரண்டு அணிகளும் இணைந்தன. ஒருவர் ஒருங்கிணைப்பாளர், இன்னொருவர் இணை ஒருங்கிணைப்பாளர் என்று பதவியைப் பிரித்துக்கொண்டார்கள். தினகரன் வெளியே போய் 2018இல் அமமுக தொடங்கினார். 2022 ஜூன் மாதம் ‘ஒற்றைத் தலைமை’ கோஷம் எழுந்தது. ஜூலை 11 பொதுக்குழுவில் பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆனார், பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். அதே நாளில் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் கல்லும் கட்டையும் பறந்தன. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பொதுக்குழுவை ஏற்றது. மார்ச் 28 அன்று பழனிசாமி போட்டியின்றிப் பொதுச்செயலாளர் ஆனார்.

போட்டி முடிந்தது, ஒற்றுமைதான் வரவில்லை. 2025 செப்டம்பர் 5 அன்று செங்கோட்டையன், நீக்கப்பட்டவர்களைச் சேர்க்கப் பத்து நாள் கெடு விதித்தார். மறுநாளே அவருடைய கட்சிப் பதவிகள் பறிபோயின. அக்டோபர் 30 அன்று பசும்பொன்னில் பன்னீர்செல்வத்தோடும் தினகரனோடும் ஒன்றாக நின்றார். மறுநாள் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார்.

சசிகலா, பன்னீர்செல்வம், பழனிசாமி, தினகரன், செங்கோட்டையன். ஒன்பது ஆண்டுச் சண்டையின் ஐந்து முக்கியப் பெயர்கள். மூன்று பேர் முக்குலத்தோர், இரண்டு பேர் கொங்கு வேளாளக் கவுண்டர். ‘தெற்கும் கொங்கும் சேர்ந்தால்தான் இரட்டை இலை ஜெயிக்கும்’ என்று விவாத மேடைகளில் பேசுகிறார்களே, அந்தத் ‘தெற்கு’ நம் தெற்கு இல்லை. நெல்லையிலும் தென்காசியிலும் தூத்துக்குடியிலும் இருக்கிற தேவேந்திரர், பறையர், அருந்ததியர் யாரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவதில்லை. ஒரு சாதித் தொகுப்பின் பெயரைத் திசையின் பெயரால் சொல்கிறார்கள். சமூகவியல் படிக்கிற தம்பி தங்கைகள் இந்தச் சொல் விளையாட்டைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆள் ஒருவர் பெயரும் அடிபடவில்லையா? அடிபட்டது. அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ப. தனபால் 2012 முதல் பேரவைத் தலைவராக இருந்தவர். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பை நடத்தியவர் அவர்தான். அன்றைய அமளியில் தன் சட்டை கிழிக்கப்பட்டதாக அவையிலேயே சொன்னார். பழனிசாமி 122 வாக்குகளோடு தப்பினார். அந்த ஆகஸ்டில் அணிகள் இணைந்த பிறகு, சசிகலாவின் தம்பி திவாகரன், தனபாலை முதல்வராக்கலாம் என்றார். விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் திருமாவளவன் அதை வரவேற்றார். சில நாள் செய்தியாக ஓடியது, பிறகு மறைந்துபோனது. இரண்டு ஆதிக்கத் தரப்புகள் முட்டிக்கொண்டு நிற்கும்போது நடுவில் வைக்க ஒரு தலித் பெயர் தேவைப்படுகிறது. முட்டல் தீர்ந்ததும் அந்தப் பெயர் தேவைப்படுவதில்லை.

இதை ஒரு தலைவரின் கெட்ட எண்ணம் என்று முடித்துவிடாதீர்கள். கட்சியின் விதியே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. 2022 ஜூலை பொதுக்குழு செய்த திருத்தத்தின்படி, அதிமுக பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிட பத்து ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும், ஐந்து ஆண்டு தலைமைக் கழக நிர்வாகியாக இருந்திருக்க வேண்டும். பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்து மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டும். ஆக, வாசலில் நிற்பவர் மாவட்டச் செயலாளர். அடிப்படை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுப் பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி என்பது எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து சொல்லப்படும் பெருமை. ஆனால் காலனியில் கொடி கட்டுகிற, பூத்தில் உட்காருகிற நம் அண்ணன் யாருக்காவது ஓட்டுப் போட விரும்பினால், முதலில் அந்த ஆள் இருபது மாவட்டச் செயலாளர்களைத் தாண்டி வர வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று ஊரில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்துவிடும்.

“நமக்குத்தான் தனித்தொகுதி எம்எல்ஏக்கள் இருக்கிறார்களே” என்று கேட்கலாம். 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதிகளுக்கு ஒதுக்கப்பட்டவை. ஒரு தலைமைப் போட்டியைத் தீர்மானிக்க இந்த எண்ணிக்கை போதும். ஆனாலும் கூவத்தூரில் எம்எல்ஏக்களைத் தங்கவைத்த நாட்களில், தனித்தொகுதி உறுப்பினர்கள் ஓர் அணியாக நின்று எதையும் கேட்கவில்லை. ஏன்? அந்த எம்எல்ஏவுக்கு சீட் கொடுப்பது தலைமை. ஜெயிக்க வைப்பது பெரும்பாலும் பிற சாதி வாக்குகள். 1932 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தனி வாக்காளர் தொகுதி நிலைத்திருந்தால் அவர் நம்மிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். காந்தி உண்ணாவிரதம் இருந்தார், செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்றும் அம்பேத்கர் முன்னால் வைக்கப்பட்ட சொல் ‘ஒற்றுமை’தான், இந்துக்களின் ஒற்றுமை. அந்த ஒற்றுமைக்கு நாம் கொடுத்த விலையை ஒவ்வொரு தனித்தொகுதியிலும் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நெல்லைக்கு வருவோம். 2019இல் தென்காசி தனி மாவட்டமானதும் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் இரண்டு தனித்தொகுதிகளும் அங்கே போய்விட்டன. இன்று திருநெல்வேலி மாவட்டத்தில் திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம் என ஐந்து தொகுதிகள். ஒன்றுகூடத் தனித்தொகுதி இல்லை. 2021இல் திருநெல்வேலித் தொகுதியின் உறுப்பினரான நயினார் நாகேந்திரன் முன்னாள் அதிமுக அமைச்சர். 2017 ஆகஸ்டில், அணிகள் இணைந்த அதே மாதம், பாஜகவுக்குப் போனார். 2021இல் அதிமுக கூட்டணியில் தாமரைச் சின்னத்தில் ஜெயித்தார். 2025 ஏப்ரலில் அண்ணாமலைக்குப் பதில் மாநிலத் தலைவரானார். அவர் மட்டுமே மனுத்தாக்கல் செய்த அதே ஏப்ரல் 11 அன்றுதான் அதிமுக–பாஜக கூட்டணியை அமித் ஷா சென்னையில் அறிவித்தார். செப்டம்பரில் தினகரன் அந்தக் கூட்டணியை விட்டுப் போகும்போது குறை சொன்னதும் நயினாரின் அணுகுமுறையைத்தான். ஆக, சேர்க்கிற சண்டையும் பிரிக்கிற சண்டையும் நம் தாமிரபரணிக் கரை வழியாகத்தான் ஓடுகின்றன.

2025 ஜூலைக் கடைசியை நினைத்துப் பாருங்கள். 27ஆம் தேதி பாளையங்கோட்டையில் 27 வயது தலித் மென்பொருள் பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். காதல்தான் அவர் செய்த குற்றம். உறவினர்கள் உடலை வாங்க மறுத்துப் போராடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், 31ஆம் தேதி, பன்னீர்செல்வம் பாஜக கூட்டணியிலிருந்து வெளியேறினார். தமிழ்நாடு வந்த பிரதமரைச் சந்திக்க அவருக்கு நேரம் கிடைக்காததுதான் அப்போது பேசப்பட்ட மனக்குறை. யார் யாரை மதிக்கவில்லை என்று விவாத மேடைகள் அலசின. ஒரு தலைவருக்குச் சந்திப்பு கிடைக்காதது கூட்டணி முறிகிற அளவுக்குப் பெரிய விஷயம். ஓர் இளைஞனின் உயிருக்காக எந்தக் கூட்டணியும் முறியவில்லை. செப்டம்பரில் வந்த பத்து நாள் கெடுவிலும் ஒரே நிபந்தனைதான் இருந்தது: நீக்கப்பட்டவர்களைச் சேர்க்க வேண்டும். ஆணவப் படுகொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று யாரும் கெடு விதிக்கவில்லை.

பசும்பொன்னை ஏன் ஒற்றுமை மேடையாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். 2014இல் ஜெயலலிதா அங்குள்ள தேவர் சிலைக்குச் சுமார் 13 கிலோ தங்கக் கவசம் கொடுத்தார். அது மதுரையில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருக்கும். கட்சிப் பொருளாளர் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். 2022இல் அந்தக் கையெழுத்து யாருடையது என்று பன்னீர்செல்வம் தரப்பும் பழனிசாமி தரப்பும் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. கடைசியில் மாவட்ட வருவாய் அலுவலரிடம் கவசத்தை ஒப்படைக்கச் சொன்னது நீதிமன்றம். கட்சி யாருக்கு என்ற வழக்குக்குள், ஒரு சாதியின் நம்பிக்கை யாருக்கு என்ற வழக்கும் இருந்தது. தேவரை வணங்குவது அவர்கள் உரிமை. கட்சித் தலைமைக்கான தகுதியே அங்கே நிரூபிக்கப்படுவதுதான் நமக்குப் பிரச்சினை. மேலே தலைவர்கள் யார் பெரிய சாதித் தலைவர் என்று போட்டி போட்டால், கீழே பள்ளிக்கூடத்தில் பையன்கள் கையில் எந்த நிறக் கயிறு என்று பார்க்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது உடன் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கயிறுகளைத் தடை செய்யவும் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும் 2024 ஜூனில் பரிந்துரைத்தது. அந்த அறிக்கையை எதிர்த்த கட்சி பாஜக.

அப்படியானால் உடைந்து கிடப்பது நல்லதா? அதுவும் இல்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அதிமுகவும் பாஜகவும் தனித்தனியாக நின்றன. தென்காசி தனித்தொகுதியில் இரட்டை இலையில் டாக்டர் கிருஷ்ணசாமி, தாமரையில் ஜான் பாண்டியன். கொடியன்குளத்துக்கும் மாஞ்சோலைக்கும் பிறகு இந்த மண்ணில் தேவேந்திரர் அரசியலின் முகங்களாக இருந்த இரண்டு பேரும், இன்னொருவர் சண்டைக்கு இரண்டு பக்கமும் நின்று ஒருவருக்கொருவர் எதிராக ஓட்டுக் கேட்டார்கள். இரண்டு பேரும் தோற்றார்கள். ஜெயித்தது திமுக. அவர்கள் சேர்ந்தால் நாம் எண்ணிக்கை, அவர்கள் பிரிந்தால் நாமும் பிரிகிறோம்.

இதைச் சொன்னால் “அப்போ திமுகவுக்குத்தானே பேசுகிறீர்கள்” என்று ஒரு கேள்வி வரும். இல்லை. 1995இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து சூறையாடியதும், 2011இல் பரமக்குடியில் சுட்டுக் கொன்றதும் அதிமுக ஆட்சியில். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தை அடித்து விரட்டி 17 பேரைத் தாமிரபரணியில் சாகவிட்டது திமுக ஆட்சியில். ஆணவக் கொலைக்கான சட்டத்தைப் பரிந்துரைக்க நீதிபதி பாஷா ஆணையம் 2025 அக்டோபரில்தான் அறிவிக்கப்பட்டது. திமுகவின் மாவட்டச் செயலாளர் பட்டியலையும் இதே கண்ணால் பாருங்கள்.

ஒற்றுமை என்ற சொல்லை வைத்து நாமும் சிலரை வாய் மூட வைக்கிறோம். அருந்ததியருக்கான 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உள் ஒதுக்கீட்டை ஏற்றது. அப்போது ‘தலித் ஒற்றுமை உடைகிறது’ என்று நம் பக்கத்திலிருந்தே குரல் வந்தது. நெல்லையில் சாக்கடைக்குள் இறங்குகிற குடும்பத்துப் பிள்ளையிடம் போய், ஒற்றுமைக்காக உன் பங்கைக் கேட்காதே என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? பழனிசாமியிடம் கேட்கிற கேள்வியை நம் இயக்கங்களிடமும் கேட்க வேண்டும். பெண்கள் எத்தனை பேர் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்கள் என்பதும் அதில் அடங்கும்.

எனவே தோழர்களே, ‘சேர வேண்டுமா, பிரிய வேண்டுமா’ என்ற கேள்விக்குள் போய் விழாதீர்கள். அது அவர்கள் வீட்டுப் பாகப்பிரிவினை. உங்கள் ஒன்றியத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒன்றியச் செயலாளர், நகரச் செயலாளர், மாவட்டச் செயலாளர் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. பிறகு ஓட்டுக் கேட்டு காலனிக்குள் வருகிறவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி மூன்று விஷயம் கேளுங்கள். ஆணவப் படுகொலைத் தடுப்புச் சட்டத்துக்கு உங்கள் கட்சி பேரவையில் கை தூக்குமா? சந்துரு அறிக்கையில் எதை நிறைவேற்றுவீர்கள்? இந்த மாவட்டத்தில், பொதுத்தொகுதியில், ஒரு தலித்துக்கு சீட் கொடுப்பீர்களா?

மூன்றாவது கேள்விக்கு அநேகமாகச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். யார் சிரித்தார், யார் தலையைக் குனிந்தார், யார் நின்று பதில் சொன்னார் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.