துணைமைக்குத் தியாகம் என்று பெயரா?

மலையுச்சியை எட்டியவரைப் போற்றுவது எளிது. உச்சிக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழிருந்து திரும்பியவரைப் போற்றுவதற்குத்தான் தக்க சொல் கிடைப்பதில்லை. தக்க சொல் கிடைக்காதவிடத்துப் பழைய சொல் ஒன்று தானே வந்து அமர்ந்துகொள்ளும். இத்தாலிய மலையேறும் இணையரான நிவெஸ் மெரோய், ரொமானோ பெனெட் ஆகியோரின் வரலாற்றில் அவ்வாறு வந்தமர்ந்த சொல் 'தியாகம்' என்பது. கணவனுக்காக மகுடத்தைத் துறந்த மனைவி என்று அவ்வம்மையார் புகழப்படுகிறார். புகழ்ச்சிபோல் தோன்றும் இச்சொல் அவ்விருவருக்கும் இழைக்கும் அநீதி சிறிதன்று. வகுப்பறையில் எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியரும், கட்டுரைக்குச் சான்று தேடும் மாணவரும் இச்சொல்லைக் கையாளுமுன் சற்று நின்று எண்ணுதல் வேண்டும்.

நிகழ்ந்தது என்ன என்பதை முதற்கண் நோக்குவோம். உலகில் எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் பதினான்கு. அவையனைத்தும் இமயத்திலும் காரகோரத்திலும் உள்ளன. அவற்றின் உயரத்தை மலேசிய மாணவர் உணர ஒரு வழியுண்டு. கினாபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். அதன் தலைமேல் இன்னொரு கினாபாலுவைத் தூக்கி நிறுத்தினாலும் கஞ்சன்சங்காவின் 8,586 மீட்டரை அது எட்டாது. இத்தகைய சிகரங்களை, புட்டியில் அடைத்த உயிர்வளியின் துணையின்றியும், உயர்முகாம்களுக்குச் சுமை தூக்கிச் செல்லும் ஆள்களின் உதவியின்றியும், தம் தோளையும் தம் காலையும் மட்டுமே நம்பி ஏறுவது என்று உறுதிபூண்டவர்கள் மெரோயும் பெனெட்டும்.

1998ஆம் ஆண்டில் நங்க பர்வதத்தில் தொடங்கிய அவர்களின் வெற்றி வரிசை, 2008ஆம் ஆண்டில் மனாஸ்லுவோடு பதினொன்றை எட்டியது. அவ்வேளையில் பதினான்கையும் ஏறி முடிக்கும் முதற்பெண் யார் என்னும் போட்டி உலகெங்கும் பேசப்பட்டது. தென்கொரியாவின் ஓ உன்-சுன், ஸ்பெயினின் எடுர்னே பாசபான், ஆஸ்திரியாவின் கெர்லிண்டே கால்டன்புருன்னர், நிவெஸ் மெரோய் ஆகிய நால்வரும் அப்போட்டியின் முன்வரிசையில் வைத்து எண்ணப்பட்டனர். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் கஞ்சன்சங்காவில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 7,500 மீட்டர் உயரத்தில் பெனெட்டின் நடை வழக்கத்திற்கு மாறாகத் தளர்ந்தது. மனைவியை மேலே செல்லுமாறும், தாம் அங்கேயே காத்திருப்பதாகவும் அவர் கூறினார். மெரோய் அதற்கு இசையவில்லை. இருவரும் ஒருங்கே இறங்கினர். ஊர் திரும்பிய பின்னரே நோய் இன்னதெனத் தெரிந்தது. எலும்பு மச்சை போதிய குருதியணுக்களை ஆக்காது ஓய்ந்துவிடும் கொடிய குருதிச்சோகை அது. இருமுறை மச்சை மாற்றுச் சிகிச்சை செய்த பின்னரே பெனெட் பிழைத்தெழுந்தார்.

இதுவே நிகழ்ச்சி. இதற்குத் 'தியாகம்' என்று பெயர் சூட்டுவோர் மூன்று பிழைகளைச் செய்கின்றனர்.

முதற்பிழை, ஒரே செயலுக்கு இருவேறு பெயர் இடுவது. கஞ்சன்சங்கா நிகழ்ச்சிக்கு ஓராண்டுக்கு முன், 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இவ்விணையர் குளிர்காலத்தில் மகாலு சிகரத்தை ஏற முயன்றனர். கடுங்காற்று அவர்களைத் திருப்பியனுப்பியது. இறங்கும் வழியில் மெரோயின் கால் எலும்பு முறிந்தது. பெனெட்டும் உடன்வந்த தோழரும் அவரைத் தாங்கிக் கீழே கொணர்ந்தனர். அதனை எவரேனும் 'கணவனின் தியாகம்' என்று எழுதினரா? இல்லை. ஆண் செய்தபோது அது மலையேறுவோனின் கடமை. பெண் செய்தபோது அது பத்தினியின் தியாகம். ஒரு கண்ணுக்கு வெண்ணெயும் மறு கண்ணுக்குச் சுண்ணாம்பும் வைக்கும் வழக்கம் மலைமீதும் ஏறிவிட்டது என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்? கடமை என்னும் சொல் செய்தவரைத் தொழில் வல்லவராகக் காட்டுகிறது. தியாகம் என்னும் சொல்லோ அவரைத் தொழிலினின்று பிரித்து அடுக்களை வாயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இரண்டாம் பிழை, பயிற்சியை மறைப்பது. கஞ்சன்சங்காவில் மெரோய் எடுத்த முடிவு ஒரு நொடியில் பொங்கிய மனைவியுணர்ச்சி அன்று. அதன் பின்னால் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கூட்டுப்பயிற்சி நிற்கிறது. இத்தாலி, ஆஸ்திரியா, சுலொவேனியா ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் சந்திக்கும் தார்விசியோ பகுதியில் வாழும் இவ்விருவரும், அங்குள்ள ஜூலியன் ஆல்ப்ஸ் மலைகளின் பாறையிலும் பனியிலும் ஒரே கயிற்றில் பிணைந்து பழகியவர்கள். ஒரே கயிற்றில் ஏறுவோர் ஒருவர் மற்றவரின் மூச்சையும் நடையையும் நூல் படிப்பதுபோல் படிக்கக் கற்கின்றனர். எந்தத் தளர்ச்சி வெறும் களைப்பு, எந்தத் தளர்ச்சி ஆபத்து என்பதை அவர்கள் அறிவர்.

இந்த அறிவு எவ்வளவு இன்றியமையாதது என்பதை உடலியல் விளக்கும். எண்ணாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. அங்குக் கால் மட்டும் தளர்வதில்லை. அறிவும் மங்குகிறது. தன் உடல்நிலையைத் தானே சரியாகக் கணிக்க இயலாத நிலை எவருக்கும் வரலாம். மெல்லிய காற்றுக்கு ஈடுகொடுக்க உடல் செய்யும் ஏற்பாடுகளுள் ஒன்று சிவப்பணுக்களைப் பெருக்குதல். அதனாலன்றோ மலையேறுவோர் வாரக்கணக்கில் மேலேறியும் கீழிறங்கியும் உடலைப் பழக்குகின்றனர்! பெனெட்டைத் தாக்கிய நோயோ அந்த அணுக்களின் ஊற்றுக்கண்ணையே அடைப்பது. அந்நிலையில் அவரை அவ்வுயரத்தில் தனியே அமர்த்திவிட்டு, உச்சிக்குச் சென்று மீள எடுக்கும் நீண்ட நேரத்திற்குப் பின் வந்து பார்ப்பது எத்தகைய முடிவைத் தந்திருக்கும்? நோயின் பெயர் அன்று மெரோய்க்குத் தெரியாது. ஆயினும் 'இது பெனெட்டின் இயல்பான நடையன்று' என்று கணிக்கும் பயிற்சி அவருக்கு இருந்தது. திருக்குறளில் 'வலியறிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. தன் வலிமையோடு துணையின் வலிமையையும் சீர்தூக்கிச் செயற்படுக என்பது அவ்வதிகாரம் உணர்த்தும் பாடம். மெரோய் செய்தது அந்தச் சீர்தூக்குதலே. அறிவின் செயலை உணர்ச்சியின் செயலாக்கிச் சிறுமைப்படுத்துவது முறையாகுமா?

மேலும், திரும்புதல் என்பது அவர்களுக்குப் புதிதும் அன்று. 1994ஆம் ஆண்டில் கே-2 சிகரத்தின் வடபுறத்தில் முயன்று, உச்சியைத் தொடாமலே திரும்பியவர்கள் அவர்கள். அதே சிகரத்தின் உச்சியில் அவர்கள் நின்றது 2006ஆம் ஆண்டில். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பருவத்தில் ஒரு சிகரத்தை விட்டிறங்குவது வாழ்வை இழப்பதாகாது. ஏறக் கற்பது பயிற்சியின் பாதி. இறங்கக் கற்பது மறுபாதி.

மூன்றாம் பிழை, மகுடத்தை மெய்யென்று நம்புவது. மெரோய் எதையோ பறிகொடுத்தார் என்று காட்டினால்தான் தியாகக் கதை நிற்கும். அவர் பறிகொடுத்ததாகச் சொல்லப்படும் அம்மகுடத்தின் கதை என்ன? 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓ உன்-சுன் அதனைச் சூடினார். ஆயின் கஞ்சன்சங்காவில் அவர் உச்சியை எட்டினாரா என்பதில் ஐயம் எழுந்தது. அவர் நாட்டின் மலையேற்றக் கூட்டமைப்பே அவ்வாண்டில் அந்த ஐயத்தை வழிமொழிந்தது. அதே ஆண்டு மே மாதம் பதினான்கை முடித்த பாசபானே முதற்பெண் எனப் பலரும் இன்று கொள்கின்றனர். 1986ஆம் ஆண்டில் பதினான்கையும் முதலில் ஏறி முடித்தவர் என்று உலகமே ஒப்பிய ரைன்ஹோல்ட் மெஸ்னருக்கும், 2023ஆம் ஆண்டில் கின்னஸ் பதிவேடு அந்தப் பெருமையை மறுத்தது. அன்னபூர்ணாவின் நீண்ட முகட்டில் மிக உயர்ந்த புள்ளியை அவர் தொடவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். நாற்பதாண்டு நெருங்கிய புகழையே சில மீட்டர்க் கணக்கு அசைக்குமாயின், அத்தகைய மகுடத்தை இழந்தவருக்காக இரங்குவானேன்? பதிவேடுகள் திருத்தி எழுதப்படும். நோயுற்ற ஒருவர் உயிரோடு ஊர் திரும்பினார் என்பதை எந்தப் பதிவேடும் திருத்த முடியாது.

இனி, எதிர்வாதம் ஒன்றுண்டு. 'அன்பு இருந்ததனால்தானே திரும்பினார்? அன்பினால் விட்டதைத் தியாகம் என்பதில் குற்றமென்ன?' என்பர். அன்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால், திரும்புதலே அன்பின் அளவுகோல் என்றால், மற்றோர் இணையரை என்னென்பது? 2011ஆம் ஆண்டில் கே-2 சிகரத்தின் வடபுறத்தில் கால்டன்புருன்னரும், அந்நாளில் அவருடைய கணவராயிருந்த ரால்ஃப் டுய்மோவிட்சும் ஏறினர். பனிச்சரிவின் ஆபத்தை அஞ்சி டுய்மோவிட்ஸ் திரும்பினார். கால்டன்புருன்னர் தம் கணிப்பின்படி தோழர் மூவரோடு தொடர்ந்து சென்று, ஆகஸ்டு 23ஆம் நாள் உச்சியை எட்டினார். உயிர்வளிப் புட்டியின்றிப் பதினான்கையும் முடித்த முதற்பெண் என்னும் பெயரும் பெற்றார். தியாகத்தை அளவுகோலாகக் கொண்டால் இவர் அன்பற்றவர் என்று தீர்ப்பெழுத வேண்டிவரும். அத்தீர்ப்பை நடுநிலையாளர் எவரும் எழுதார். டுய்மோவிட்ஸ் தம் காலால் தாமே இறங்க வல்லவராயிருந்தார். பெனெட்டின் நிலையோ வேறு. ஓரிடத்தில் பிரிந்து செல்வது சரி. மற்றோரிடத்தில் பிரியாதிருப்பது சரி. இரண்டையும் ஆராய்ந்து முடிவு செய்தது ஒன்றே: துணைவரின் அப்போதைய நிலை, மலையின் அப்போதைய நிலை ஆகியவற்றைப் பற்றிய தெளிந்த கணிப்பு. ஆகவே அளவுகோல் துறவும் அன்று, உச்சியும் அன்று. கணிப்பின் நேர்மையே அளவுகோல்.

தியாகக் கதை பெனெட்டுக்கும் தீங்கு செய்கிறது. அதில் அவர் மனைவியின் வெற்றிக்குக் குறுக்கே விழுந்த சுமையாக நிற்கிறார். உண்மையில் நோயினின்று மீண்ட அம்மனிதர் மீண்டும் பயிற்சி செய்தார். பிறர் தந்த மச்சையில் ஊறிய குருதியோடு மீண்டும் உயரங்களுக்குத் தம்மைப் பழக்கினார். 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே கஞ்சன்சங்காவின் உச்சியில் இருவரும் நின்றனர். 2016இல் மகாலு. 2017ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் அன்னபூர்ணா. பதினான்கு சிகரங்களையும் ஒருங்கே ஏறி முடித்த முதல் இணையர் என இன்று அவர்கள் அறியப்படுகின்றனர். துறந்தவர் ஒருவர், பெற்றவர் ஒருவர் என்னும் கணக்கு இங்கு எங்கே பொருந்தும்? மெரோய் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்கு இட்ட பெயர், 'உன்னைக் காக்கவைக்க மாட்டேன்' என்னும் பொருளுடையது. துறவைப் பறைசாற்றும் பெயரா அது? உடன் நடப்பவர் உடன் நடப்பவரிடம் சொல்லும் எளிய வாக்கு அது.

இது மலையேறுவோர் பற்றிய வழக்கு மட்டும் அன்று. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவியரும் மாணவரும் பெரியோர் வரலாறுகளிலிருந்தே தம் வாழ்வுக்கு அளவெடுக்கின்றனர். பெண்ணின் பெருமை விட்டுக்கொடுப்பதில் உள்ளது என்று இவ்வரலாற்றைப் படிக்கும் மாணவி, நாளைத் தன் மேற்படிப்பையும் தொழிலையும் விட்டுக்கொடுக்கும்போது அதனை அறமென்றே எண்ணுவாள். நோயுற்ற ஆண் சுமையாவான் என்று படிக்கும் மாணவன், தன் தளர்ச்சியைத் துணைவியிடம் சொல்ல நாணுவான். பெனெட் நாணியிருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும்?

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் இவ்வரலாற்றைச் சொல்லுங்கால் அதன் முழுமையையும் சொல்லுதல் நன்று. கஞ்சன்சங்காவைச் சொல்பவர் மகாலுவையும் சொல்லட்டும். திரும்பியதைச் சொல்பவர், திரும்பவும் சென்றதைச் சொல்லட்டும். சொல்லி முடித்தபின், 'இதற்கு என்ன பெயரிடலாம்?' என்று மாணவரையே வினவட்டும். ஒத்த பயிற்சியும் ஒத்த பொறுப்பும் உடைய இருவர், ஒருவர் நிலையை ஒருவர் அறிந்து ஒரே கயிற்றில் செல்வதற்குத் தமிழில் 'துணைமை' என்றொரு நல்ல சொல் உண்டு. அச்சொல்லை மாணவர் தாமே கண்டெடுப்பாராயின், கட்டுரைக்கு ஒரு சான்று கிடைத்ததைவிட மிகுதியான பயன் அன்று அவ்வகுப்பில் விளைந்திருக்கும்.