ஆன்டிகனியும் பாஞ்சாலங்குறிச்சித் தாயும்



சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு சோபோக்ளிஸ் எழுதிய கிரேக்க நாடகம் ஆன்டிகனி. ஊர்மேல் படையெடுத்து வந்து மாண்டவனைப் புதைக்கக் கூடாது என்று மன்னன் கிரியோன் ஆணையிடுகிறான். அவனுடன் பிறந்த ஆன்டிகனி, ஆணையை மீறி உடல்மீது மண் தூவுகிறாள். பிடிபட்டதும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறாள், உயிரையும் இழக்கிறாள்.

அவளுக்கு நிகரான ஒருத்தி நம் கரிசல் மண்ணிலும் இருந்தாள். 1801 மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கும்பெனிப் படையிடம் வீழ்ந்தது. பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடிப் போன ஒரு தாய், அவனைக் குற்றுயிராகக் கண்டாள். தன்னை விட்டுவிட்டு, அருகில் காயம்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொன்னான் மகன். சாமி என்றது கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை. பெற்ற மகனை அங்கேயே விட்டுவிட்டு, உடன் வந்த பெண்களோடு அவரைத் தூக்கிச் சென்றாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது அவர்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு இறந்தவருக்கு அழுவதுபோல் ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் அம்மைக்கு அஞ்சி ஓடினார்கள். இதை எழுதி வைத்தவர் எதிர்த்தரப்பில் போரிட்ட வெள்ளை அதிகாரி வெல்ஷ். 1830-இல் வந்த அவர் நூலிலும் அந்தத் தாயின் பெயர் இல்லை. ஊமைத்துரையை 1801 நவம்பரில் தூக்கிலிட்டார்கள்.

ஆன்டிகனி உண்மை சொன்னாள், இவள் பொய் சொன்னாள். ஆனாலும் இவள் மனசாட்சி ஒரு மாற்றுக் குறைந்ததல்ல என்பதே என் கருத்து. ஆன்டிகனி அரசன் மகள். அரசவையில் நின்று வாதாட அவளுக்கு இடம் இருந்தது. குடிசைப் பெண்ணுக்கு ஒப்பாரிதான் ஆயுதம்.

ஆளாளுக்கு மனசாட்சி என்று சட்டத்தை மீறினால் நாடு என்னாகும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: மீறியவருக்கு அதனால் லாபமா, இழப்பா? வரி ஏய்ப்பவர் மனசாட்சியைப் பற்றிப் பேச முடியாது. ஆன்டிகனி உயிரை இழந்தாள். இந்தத் தாய் மகனை இழந்தாள்.

இன்னொன்று. அன்று தேடி வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல, பக்கத்துச் சீமைக்காரர்கள். என் மாணவர்களில் காக்கிச் சட்டை போட்டவர்களும், தாலுகா அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறீர்கள். மேலிடத்து உத்தரவு வரும்போது, அது யார் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த வீட்டில் அழுகிறவளும் நம்மூர்க்காரிதான்.