இரும்புக் கன்னியின் கச்சேரி

கச்சேரி என்பது மேடையில் நடப்பதோடு முடிந்துவிடுவதில்லை. மங்களம் பாடி, ஜமக்காளத்தைச் சுருட்டி, வித்வான் வண்டி ஏறிப் போன பிறகுதான் இரண்டாவது கச்சேரி ஆரம்பமாகிறது. "தோடி எப்படி?" என்று ஒருவர் கேட்பார். "தோடியா? அதைத் தோடி என்று யார் சொன்னது?" என்று இன்னொருவர் திருப்பிக் கேட்பார். மிருதங்கக்காரர் மிஞ்சினாரா, பிடில்காரர் தூங்கினாரா, பல்லவியில் தாளம் தப்பியதா என்றெல்லாம் திண்ணையில் காரசாரமான சர்ச்சை நடக்கும். சில சமயங்களில் முதல் கச்சேரியைக் காட்டிலும் இந்த இரண்டாவது கச்சேரி நன்றாக அமைந்துவிடுவதும் உண்டு.

இந்த வாரம் நாம் எழுதப் போவது அத்தகைய ஓர் இரண்டாவது கச்சேரியைப் பற்றித்தான். ஆனால் இதில் தோடியும் இல்லை, மிருதங்கமும் இல்லை. பாடியவர்கள் இங்கிலாந்து தேசத்தார். சர்ச்சை செய்தவர்கள் விளாங்குடிவாசிகள்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், நகரம் முடிந்துவிட்டதோ என்று தோன்றும் இடத்தில் இருக்கிறது விளாங்குடி. 2011-ம் வருஷத்தில் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்து அதுவும் நகரமாகிவிட்டது. அதற்கு அடுத்த ஊர் பரவை. நாட்டுப் பாடல்களால் புகழ் பெற்ற முனியம்மாள் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்த அதே பரவைதான். ஆகவே, தொண்டையைத் திறந்து பாடுவது என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிய விஷயமல்ல.

விளாங்குடியில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன், தங்கை இருவர் இருக்கிறார்கள். அண்ணன் இன்ஜினீயரிங் படிக்கிறான். தங்கை சரித்திரம் படிக்கிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை அண்ணனுடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்து சேர, நால்வருமாக "அயர்ன் மெய்டன்" என்னும் கோஷ்டியின் கச்சேரிப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். நாமும் உடனிருந்தோம். அப்பத்தாவும் உடனிருந்தார்.

"அயர்ன் மெய்டன்" என்றால் இரும்புக் கன்னி. கன்னி என்றதும் யாரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட வேண்டாம். ஆளை உள்ளே நிறுத்தி மூடும், உட்புறமெல்லாம் ஆணி அடித்த பெட்டிக்கு அந்தப் பெயர்! ஸ்டீவ் ஹாரிஸ் என்பவர் 1975-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று கிழக்கு லண்டனில் இந்தக் கோஷ்டியை ஆரம்பித்தார். இவர்களுடைய சங்கீதத்துக்கு "ஹெவி மெட்டல்" என்று பெயர். தமிழில் கன உலோக சங்கீதம் என்று சொல்லலாம். கேட்டால் பெயர்ப் பொருத்தம் விளங்கும்.

இந்தக் கோஷ்டி 2007 மார்ச் 17-ல் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் முதன்முதலாக நம் தேசத்து ரஸிகர்களுக்கு முன்னால் வாசித்தது. மறு வருஷம் உலக யாத்திரை ஒன்று கிளம்பினார்கள். ஒரு முழு போயிங் விமானத்தில் ஆட்களையும் வாத்தியங்களையும் மேடைச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டார்கள். விமானத்தை ஓட்டியவர் யார் தெரியுமா? கோஷ்டியின் பாடகர் புரூஸ் டிக்கின்ஸன்! கச்சேரிக்கு மாட்டு வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு போன வித்வானைக் கூட நாம் கேள்விப்பட்டதில்லை. 45 நாட்களில் 23 கச்சேரிகள். முதல் கச்சேரி 2008 பிப்ரவரி 1-ந் தேதி பம்பாயில் நடந்தது. கனடா தேசத்தவர்களான சாம் டன், ஸ்காட் மெக்ஃபேடியன் என்னும் இருவர் கூடவே போய் இதையெல்லாம் படம் பிடித்து, "ஃப்ளைட் 666" என்ற பெயரில் 2009-ல் வெளியிட்டார்கள். படம் வெளிவந்தபோது நம் விளாங்குடி ரஸிகர்கள் சிலேட்டில் "அ"னா எழுதிக்கொண்டிருந்தார்கள். அதனால் அபிப்பிராயம் சொல்லக் கூடாதா, என்ன?

முதல் அபிப்பிராயத்தை வெளியிட்டவர் வீட்டுத் தகப்பனார். "இது சங்கீதமா, சத்தமா?" என்று கேட்டுவிட்டு அவர் காய்கறி வாங்கப் புறப்பட்டுவிட்டார். அவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை இன்ஜினீயரிங் மாணவன் ஏற்றுக்கொண்டான்.

"சார்! கிதார் தந்தி அதிரும்போது உண்டாகும் மின்சார அலையை, ஒலிபெருக்கும் கருவி தாங்கும் அளவுக்கு மேலே ஏற்றினால், அலையின் தலை நறுக்கப்பட்டுவிடும். அப்போது மூல ஸ்வரத்தோடு அதன் உப ஸ்வரங்களும் ஏராளமாகச் சேர்ந்து ஒலிக்கும். நாதமும் நெடுநேரம் நிற்கும். அதுதான் இந்தக் கரகரப்பு" என்றான்.

நாம் யோசித்துப் பார்த்தோம். தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஒரு நூல் இழையைச் செருகி ஜீவாளி பிடிக்கிறார்களே, அது எதற்காக? வெறுந் தந்தியின் ஒலியோடு உப ஸ்வரங்களும் கூடி ரீங்காரம் செய்வதற்காகத்தான். வழி வேறு, நோக்கம் ஒன்றே. நமது தம்புரா தேனீயைப் போல ரீங்கரிக்கிறது. இவர்களுடைய கிதார் மரம் அறுக்கும் வாளைப் போலக் கர்ஜிக்கிறது. அப்படிப்பட்ட கிதார்கள் மூன்று! அடியில் ஹாரிஸின் பேஸ் கிதார் குதிரைக் குளம்பொலி போல நாலு கால் பாய்ச்சலில் ஓடுகிறது. சத்தம் அதிகம் என்று சொல்லலாம். ஒழுங்கு இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது சர்ச்சைதான் உண்மையான ரஸிக சர்ச்சை. மேற்படி படத்தின் கச்சேரிப் பகுதியில் 16 பாட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரில் பிடித்தது. முதல் பாட்டுப் பம்பாயில், அடுத்தது மெல்போர்னில், பிறகு ஸிட்னி, டோக்கியோ என்று போய், டொரான்டோவில் கடைசிப் பாட்டு. "இது கச்சேரியே அல்ல, ஒட்டுப் போட்ட போர்வை" என்றான் ஒரு சிநேகிதன். "பம்பாய் ஜனங்கள் ஒரு ராத்திரி முழுவதும் கேட்டதில் நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு பாட்டு. மற்றதெல்லாம் எங்கே?" என்பது அவனுடைய குறை. "யாத்திரையைப் பற்றிய படத்தில் யாத்திரை முழுவதும் தெரிய வேண்டாமா?" என்றான் மற்றவன்.

இதில் நமக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. இந்தக் கோஷ்டியார் ஒரு யாத்திரையில் ஊருக்கு ஊர் ஏறக்குறைய அதே பாட்டுகளை, அதே வரிசையில், அதே அளவில் வாசிக்கிறார்கள். அதனால்தான் பதினாறு ஊர்களை வெட்டி ஒட்டினாலும் ஒரே கச்சேரி போல ஒலிக்கிறது. நமது வித்வான் ஒருவர் திருச்சியில் பாடிய கல்யாணிக்குக் கும்பகோணத்தில் பாடிய நிரவலை ஒட்டிப் பாருங்கள்! தலை ஓர் ஆளுடையதாகவும் உடல் இன்னோர் ஆளுடையதாகவும் இருக்கும். நம்மவர்களிடம் புதுமை பாட்டுக்குள் பிறக்கிறது. அவர்களிடம் புதுமை ஊருக்கு ஊர் மாறும் ஜனக்கூட்டத்திடமிருந்து பிறக்கிறது.

ஜனக்கூட்டம் என்று வெறுமனே சொன்னால் போதாது; அவர்களைப் பக்கவாத்தியம் என்றே சொல்லவேண்டும். போனஸ் அயர்ஸ் நகரத்தில் கிதார் வாசிக்கும் மெட்டை ஆயிரக்கணக்கானவர்கள் வாயாலேயே பாடுகிறார்கள். கொலம்பியா தேசத்துப் பொகோட்டாவில், டிரம்ஸ் வாசிப்பவர் எறிந்த குச்சி ஒன்று ஒரு ரஸிகன் கையில் கிடைக்கிறது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சில்லாமல் அழுகிறான். "ஒரு குச்சிக்கா இப்படி அழுவான்?" என்று கேட்ட அப்பத்தாவே, சற்றுப் பொறுத்து, "நம்ம ஊரில் அழகர் மேலிருந்து ஒரு பூ கிடைத்தால் அழுகிறவர்கள் இல்லையா!" என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அதுவரையில் சர்ச்சை சுமுகமாகவே நடந்தது. "முதல் பாட்டை இன்னொரு தடவை போடு" என்று ஒருவன் சொன்னபோதுதான் சங்கடம் வந்தது.

அந்த வீட்டுக் கூடத்துச் சுவரில் பிள்ளைகளின் கொள்ளுத் தாத்தாவுடைய படம் மாட்டியிருக்கிறது. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் சிறை சென்றவர் அவர். படத்துக்குப் பக்கத்தில், 1972-ல் இந்திய சர்க்கார் அவருக்கு அளித்த தாமிரப் பத்திரம். அதற்கு நேர் கீழே டெலிவிஷன் பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கனத்த குரல் ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்தது. "கடற்கரையில் போரிடுவோம், வயல்களில் போரிடுவோம், ஒருநாளும் சரணடைய மாட்டோம்" என்ற கருத்துள்ள பிரசங்கம். பம்பாய் ரஸிகர்கள் ஆரவாரம் செய்தார்கள். அது முடிந்ததும் வாத்தியங்கள் இடி போல முழங்கின.

"யார் பேசுகிறது?" என்று அப்பத்தா கேட்டார்.

"சர்ச்சில்" என்றாள் பேத்தி.

அப்பத்தா சுவரிலிருந்த மாமனார் படத்தை ஒரு தரம் பார்த்தார். "அந்த ஆளா? பேச்சு வேண்டாம், பாட்டை மட்டும் வை" என்றார்.

"அப்பத்தா! அந்தப் பேச்சு இல்லாவிட்டால் பாட்டு எடுபடாது. 1940-ல் ஜெர்மன் விமானங்களோடு சண்டை போட்ட ஆகாயப் படை வீரனைப் பற்றிய பாட்டு அது" என்று பேரன் மன்றாடினான். "காந்தி மகானை அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏசியவர் குரலுக்கு நம் ஜனங்கள் கை தட்டுவதா?" என்று சிநேகிதன் ஒருவன் கட்சி மாறினான். "ஹிட்லரை எதிர்த்தவர் என்பதற்காகத் தட்டினால் என்ன?" என்றான் இன்னொருவன்.

அப்போது சரித்திரம் படிக்கும் பெண் சொன்னதைத்தான் இந்தப் பகுதியின் சாரமாக நாம் நேயர்களுக்குத் தருகிறோம்.

"இந்தக் குரல் 1940 ஜூன் 4-ல் பார்லிமெண்டில் ஒலித்த குரலே அல்ல. அன்றைய பேச்சை அங்கே யாரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. ஒன்பது வருஷம் கழித்து, 1949-ல், சர்ச்சில் அதே பேச்சைத் திரும்பவும் படித்துப் பதிவு செய்தார். அந்தப் பதிவைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். இன்னொன்று. கச்சேரியில் 'சரணடைய மாட்டோம்' என்ற இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். பேச்சு அங்கே முடியவில்லை. இந்தத் தீவு அடிமைப்பட்டுப் பட்டினி கிடக்க நேர்ந்தாலும், கடலுக்கு அப்பாலுள்ள எங்கள் சாம்ராஜ்யம் போரைத் தொடர்ந்து நடத்தும் என்று அந்த வாக்கியம் நீளுகிறது. அந்தச் சாம்ராஜ்யம் யார்? நாம்தான்!"

கூடத்தில் சத்தமில்லை.

உண்மைதான். அந்த யுத்தத்தில் நம் தேசத்திலிருந்து 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். 1942 ஆகஸ்ட் 8-ந் தேதி "வெள்ளையனே வெளியேறு" என்ற தீர்மானம் நிறைவேறியதும் இதே பம்பாய் நகரத்து மைதானத்தில்தான். மறுநாள் விடிவதற்குள் மகாத்மாவைக் கைது செய்தார்கள். 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. மாண்டவர்கள் சுமார் 30 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். அப்போது பிரிட்டிஷ் பிரதம மந்திரி ஸ்ரீமான் சர்ச்சில். அடிமைப்பட்டுப் பட்டினி கிடப்பதைப் பற்றி அவர் பேசினார், அனுபவித்தது நாம்.

அப்படியானால் படத்தை நிறுத்திவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே நமது தாழ்மையான அபிப்பிராயம். பிறர் சங்கீதத்தைக் கேட்பதால் யாரும் அடிமையாகிவிட மாட்டார்கள். மதுரையில் பிறந்த ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மி 1966 அக்டோபர் 23-ல் ஐக்கிய நாட்டு சபையில் பாடினார். அங்கே உட்கார்ந்து கேட்டவர்களில் எத்தனை பேருக்கு நமது ராகங்கள் தெரியும்? ஆயினும் கேட்டார்கள், அவர்களுக்காக ராஜாஜி இயற்றிக் கொடுத்த ஆங்கிலப் பிரார்த்தனை ஒன்றையும் எம். எஸ். பாடினார். அவர்கள் நமக்குச் செவி கொடுத்தது போல் நாமும் அவர்களுக்குச் செவி கொடுப்பதில் பிழையில்லை.

ஆனால் செவியைக் கொடுக்கும்போது புத்தியையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. பேச்சை விலக்கிப் பாட்டை மட்டும் கேட்பது அப்பத்தாவின் வழி; அந்த மனத்தாங்கல் நியாயமானது. பேச்சைக் கேட்டுக் கை தட்டுவது பையன்களின் வழி. அந்த உற்சாகத்திலும் குற்றமில்லை. பேச்சைக் கேட்டு, அது எந்த இடத்தில் வெட்டப்பட்டது என்பதையும் தெரிந்துகொண்டு, பிறகு பாட்டையும் ரஸிப்பது பேத்தியின் வழி. மூன்றில் இதுதான் கடினமானது. இதுதான் சுதந்திர தேசத்து ரஸிகனுக்கு உரியது.

எந்தப் பதிவும் முழுமையானதல்ல. பம்பாய்க் கச்சேரியில் ஒரு பாட்டுத்தான் படத்தில் இருக்கிறது. பிரசங்கத்தில் பாதி வாக்கியந்தான் கச்சேரியில் இருக்கிறது. நறுக்கி எடுத்ததை நமக்குக் காட்டுகிறவர்கள், நறுக்கித் தள்ளியதைக் காட்டமாட்டார்கள். அதைத் தேடிப் பிடிக்க வேண்டியது ரஸிகர்களின் வேலை.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு யோசனை. "சத்தம்" என்று தீர்ப்புக் கூறுவதற்கு முன்னால் இந்தப் படத்தில் ஒரே ஒரு பாட்டை முழுவதும் கேட்டுப் பாருங்கள். கோல்ரிட்ஜ் என்னும் ஆங்கிலக் கவி 1798-ல் வெளியிட்ட கிழ மாலுமியின் கதையை இவர்கள் பதின்மூன்று நிமிஷத்துக்கு மேல் பாடுகிறார்கள். கலாசாலையில் அதை மனப்பாடம் செய்து மறந்துபோனவர்களுக்கு மறுபடியும் ஞாபகம் வரும்.

பிள்ளைகளுக்கும் ஒரு யோசனை உண்டு. கன உலோகம் இரவு பத்து மணிக்கு மேல் மேலும் கனமாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பரீட்சை.